பீட்ஸ் இறங்கினால் வோல்டேஜை ஏற்றலாமா?

கேள்வி: ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு அவற்றின் ஒளியை அளக்கும் கருவி) தினமும் காலையில் பீட்ஸ் (கருவியைச் சரிபார்க்க உதவும், சாயம் ஏற்றிய நுண்மணிகள்) ஓட்டுகிறோம். சில நாட்களாக எஃப்.ஐ.டி.சி. (பச்சையாக ஒளிரும் சாயம்) சேனலில் பீக் இடதுபக்கம் நகர்ந்துகொண்டே போகிறது. "பி.எம்.டி. (ஒளியை மின் சிக்னலாக்கிப் பெருக்கும் குழாய்) வோல்டேஜை நாலஞ்சு கூட்டுனா பழைய இடத்துக்கு வந்துரும்மா" என்கிறார் எங்கள் லேபில் மூத்த அண்ணாச்சி. செய்யலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அது கடைசியில் செய்ய வேண்டியது. முதலிலேயே கூட்டிவிட்டால் கோளாறு அப்படியே இருக்கும், கணக்கு மட்டும் சரியாகத் தெரியும். மேலும் 'நாலஞ்சு வோல்ட்' என்பது சின்ன விஷயமில்லை. பெரும்பாலான பி.எம்.டி.களில் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு), வோல்டேஜின் ஏறக்குறைய ஏழாம் அடுக்காக ஏறும். 500 வோல்ட்டில் 5 கூட்டினால் சிக்னல் சுமார் 7 சதவீதம் கூடும். 50 கூட்டினால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதோடு, வோல்டேஜைத் தொட்ட அன்றே பழைய காம்பன்சேஷன் (ஒரு சாயத்தின் ஒளி அடுத்த சேனலில் சிந்துவதைக் கழிக்கும் கணக்கு) செல்லாது.

முதலில் பீக்கின் அகலத்தைப் பாருங்கள். மீடியன் (பீக்கின் நடுமதிப்பு) இறங்கி, சி.வி.யும் (அகலத்தைச் சதவீதமாகச் சொல்லும் அளவு) விரிந்திருந்தால் பெரும்பாலும் ஃப்ளோ செல்லில் (மாதிரி லேசரைக் கடக்கும் கண்ணாடிக் குழாய்) அழுக்கு, காற்றுக்குமிழி அல்லது லேசர் நேர்கோட்டிலிருந்து விலகல். பத்தில் ஒரு பங்காகக் கரைத்த பிளீச்சை 10 நிமிடம், பிறகு டிஸ்டில்டு வாட்டரை 10 நிமிடம் ஓட்டுங்கள். குமிழியை வெளியேற்றிவிட்டு பீட்ஸை மறுபடி ஓட்டுங்கள். பாதிப் புகார்கள் இத்தோடு தீரும்.

சி.வி. மாறாமல் மீடியன் மட்டும் இறங்கினால், அதே லேசரின் மற்ற சேனல்களைப் பாருங்கள். எல்லாம் சேர்ந்து இறங்கினால் சந்தேகம் லேசர் பவர் மேல். 488 நானோமீட்டர் லேசரில் எஃப்.ஐ.டி.சி. மட்டும் இறங்கி, அதே லேசரில் ஒளிரும் இன்னொரு சாயமான பி.இ. அசையாமல் நின்றால் அந்த ஒரு பி.எம்.டி. அல்லது அதன் முன்னால் உள்ள ஃபில்டர். பழைய வகை ஃபில்டர்களில் ஈரம் ஏறிப் பூச்சு கெடுவதுண்டு. சாரல் காலத்தில் தென்காசிப் பக்கத்து லேப்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பீட்ஸ் பாட்டிலும் ஒரு சந்தேக நபர்தான். மேஜைமேல் வெளிச்சத்தில் கிடந்தால் சாயம் மங்கும். 2–8 டிகிரியில், இருட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். எடுத்ததும் நன்றாக வோர்டெக்ஸ் செய்யாவிட்டால் ஒட்டிக்கொண்ட இரட்டைகள் தனிப் பீக்காக நிற்கும். புது லாட் (தயாரிப்புத் தொகுதி) வரும்போது, பழையது தீருமுன் ஒரே நாளில் இரண்டையும் ஓட்டிப் புது இலக்கைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புது மெஷின் வந்திருக்கிறது. ஒவ்வொரு டிடெக்டருக்கும் வோல்டேஜ் எவ்வளவு என்று எப்படி முடிவுசெய்வது? சாயம் ஏற்றாத செல்கள் முதல் டெக்கேடுக்குள் (லாக் அளவுகோலின் முதல் பத்து மடங்குப் பகுதி) விழ வேண்டும் என்று படித்திருக்கிறேன்.
– முதுகலை மாணவர், அபிஷேகப்பட்டி

பதில்: அது பழைய அனலாக் மெஷின் காலத்துப் பழக்கம். இன்றைய டிஜிட்டல் கருவியில் அதைப் பிடித்துத் தொங்கினால் மங்கலான செல்கள் எலக்ட்ரானிக் இரைச்சலுக்குள் புதைந்துவிடும்.

மெஷினை ஆன் செய்து அரை மணி நேரம் விடுங்கள். மங்கலான பீட்ஸை 'லோ' ஃப்ளோ ரேட்டில் வைத்து, 300 வோல்ட்டில் தொடங்கி 50 ஐம்பதாக 800 வரை ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் 5,000 நிகழ்வுகளாவது பதிவாகட்டும். ரோபஸ்ட் சி.வி.யை (ஓரத்தில் சிதறும் புள்ளிகளால் பாதிக்கப்படாத சி.வி.) வோல்டேஜுக்கு எதிரே வரைந்தால், தொடக்கத்தில் கோடு செங்குத்தாக இறங்கும். அந்தப் பகுதியில் நீங்கள் அளப்பது பீட்ஸை அல்ல, இரைச்சலை. ஓரிடத்தில் கோடு படுத்துவிடும். அந்த முழங்கைதான் உங்கள் குறைந்தபட்ச வோல்டேஜ். அதைச் சுற்றி 25 வோல்ட் படிகளில் இன்னொரு முறை ஓட்டினால் இடம் துல்லியமாகும்.

அதற்கு மேல் ஏற்றுவதால் பிரிப்புத்திறன் கூடாது. நெகட்டிவும் பாசிட்டிவும் சேர்ந்து வலப்பக்கம் நகரும், அவ்வளவுதான். இனி உண்மையான செல்களைக் கொண்டு சரிபாருங்கள். சாயம் ஏற்றாத லிம்ஃபோசைட்டின் (ஒரு வகை வெள்ளை அணு) ரோபஸ்ட் எஸ்.டி. (சிதறலின் அளவு), மென்பொருள் காட்டும் எலக்ட்ரானிக் இரைச்சலின் எஸ்.டி.யைப் போல் 2.5 மடங்காவது இருக்க வேண்டும். உங்கள் பேனலிலேயே (சேர்த்துப் பயன்படுத்தும் சாயங்களின் தொகுப்பு) பளிச்சென்ற சாயம் ஏற்றிய மாதிரி, 18 பிட் கருவியென்றால் 2,62,144 என்ற உச்சியில் முட்டாமல் நிற்க வேண்டும். முட்டினால் 25 வோல்ட் இறக்குங்கள். அப்போதும் முட்டினால் வோல்டேஜை விட்டுவிட்டு, அந்த ஆன்டிபாடிக்கு வேறு சாயத்தை மாற்றுங்கள்.

முடிவானதும் அதே வோல்டேஜில் ரெயின்போ பீட்ஸை (எல்லாச் சேனல்களிலும் ஒளிரும் பீட்ஸ்) ஓட்டி மீடியனை இலக்காக எழுதிவையுங்கள். 20 நாள் அளவீடு சேர்ந்ததும் சராசரியும் எஸ்.டி.யும் கணக்கிட்டு, லீவி-ஜென்னிங்ஸ் சார்ட்டில் (தினசரி அளவீட்டை நாள்வாரியாகக் குறிக்கும் வரைபடம்) ±2 எஸ்.டி. கோடுகளைப் போடலாம்.

கேள்வி: மதியம் கரண்ட் போனால் மெஷின் யூ.பி.எஸ்.ஸில் ஓடும், ஏ.சி. ஓடாது. பாதிக்குமா?
– சங்கரன்கோவில் வாசகர்

பதில்: பாதிக்கும். சூடு ஏறினால் பி.எம்.டி.யின் கெயின் மாறும், இருட்டு மின்னோட்டம் (ஒளியே இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டம்) கூடும், லேசரும் அலையும். காலையில் 23 டிகிரியில் பார்த்த பீட்ஸ் கத்திரி வெயில் மதியத்து 31 டிகிரிக்குச் சாட்சி சொல்லாது. ஏ.சி. திரும்பி, அறை பழைய நிலைக்கு வந்த பிறகு பீட்ஸை ஓட்டிப் பார்த்துவிட்டு நோயாளி மாதிரிகளைத் தொடருங்கள். அடிக்கடி நடக்குமென்றால் ஏ.சி.யையும் ஜெனரேட்டர் லைனில் போடுவதுதான் வழி.

கேள்வி: ஃபைவ்-பார்ட் செல் கவுன்டரை (வெள்ளை அணுக்களை ஐந்து வகையாகப் பிரித்து எண்ணும் ரத்தப் பரிசோதனைக் கருவி) இந்தப் பீட்ஸை வைத்துக் காலிபரேட் செய்யலாமா?
– லேப் டெக்னீஷியன், அம்பாசமுத்திரம்

பதில்: கூடாது. கவுன்டருக்கு அதன் தயாரிப்பாளர் தரும் காலிபரேட்டர்தான். தினமும் ஓட்டும் கன்ட்ரோல் ரத்தத்தையும் காலிபரேட்டராகப் பயன்படுத்தாதீர்கள். அது சரிபார்க்க மட்டுமே. இன்னொன்று: இரண்டில் எந்த மெஷினானாலும், ஹை வோல்டேஜ் ஓடும்போது டிடெக்டர் மூடியைத் திறக்காதீர்கள். அறை வெளிச்சம் பட்டாலே பி.எம்.டி. கெட்டுவிடும்.