விட்ட பிறகு ஏன் இந்தத் துக்கம்?

கேள்வி: கோவை கணபதியில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 41. இருபது வருடமாகச் சிகரெட், ஒரு நாளைக்கு 15 வரை. கண் விழித்ததும் முதல் வேலை அதுதான். மகளுக்குக் கொடுத்த வாக்குக்காகச் சித்திரை முதல் தேதி விட்டேன். நிம்மதி வரும் என்றார்கள். எனக்கு வந்தது அழுகையும் எரிச்சலும்தான். தூக்கம் போயிற்று. பட்டறைப் பையனைக் காரணமில்லாமல் திட்டினேன். நிக்கோடின் கம் வாங்கி மென்றேன். விக்கல் எடுத்ததால் தூக்கிப் போட்டேன். 19ஆம் நாள் மைத்துனன் கல்யாணத்தில் பந்தி முடிந்ததும் நண்பன் நீட்டிய ஒன்றைப் பிடித்தேன். அன்றிரவே ஒரு பாக்கெட் தீர்ந்தது. காலண்டரில் நாள்தோறும் போட்டுவந்த கோடுகளைக் கிழித்து எறிந்துவிட்டேன். இப்போது பழையபடி. மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கொல்கிறது. என்னைப் போலக் கோழை உண்டா? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, அந்த 18 நாட்களை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

புகையோடு உள்ளே போகும் நிக்கோடின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இருபது வருடம் இப்படிப் பெற்றுவந்த மூளை, அதை எதிர்பார்த்தே தன்னை அமைத்துக்கொள்கிறது. நிக்கோடினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் புகைப்பவர்களின் மூளையில் கூடுதலாகவே இருக்கின்றன. வரத்து திடீரென்று நின்றால் எரிச்சல், மனச்சோர்வு, பதற்றம், தூக்கக் கேடு, கவனச் சிதறல், அடங்காத பசி எல்லாம் வரும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். நீங்கள் "மனசு பலவீனம்" என்று நினைத்துக்கொண்டது இதைத்தான். அழுகை வந்த அந்த நாட்களில் உங்கள் உடம்பு குணமாகிக்கொண்டிருந்தது. அதை யாரும் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

பட்டறை என்றால் டீ இல்லாமல் இருக்காது. புகையில் உள்ள சில வேதிப்பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, டீ, காபியில் இருக்கும் காஃபீனை வேகமாகக் கரைக்க வைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும். வழக்கம்போல் குடித்த டீ, உடம்பில் வெகுநேரம் தங்கும். உங்கள் படபடப்பிலும் இரவு விழிப்பிலும் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம். அடுத்த முறை விடும் நாளிலிருந்தே டீயைப் பாதியாக்குங்கள், மாலை நான்கு மணிக்கு மேல் வேண்டாம். மனதை அடக்கு என்று உபதேசம் செய்ய ஊரே திரள்கிறது; டீயைக் குறை என்று சொல்ல ஆளில்லை. அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் வேலை பார்த்த காலத்திலிருந்தே எனக்கு இதில் கோபம் உண்டு.

அந்தக் கம்மைச் சூயிங் கம் போல மென்றிருக்கிறீர்கள். அப்படி மென்றால் நிக்கோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் தரும். மெதுவாகச் சில தடவை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கினால் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் இப்படி. அதற்குக் கால் மணி முன்பிருந்தே டீ, காபி, எலுமிச்சைச் சாறு கூடாது. எழுந்த அரை மணிக்குள் பற்றவைப்பவர்களுக்கு 2 மில்லிகிராம் போதாமல் போகலாம், 4 மில்லிகிராம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி கல்யாண இரவு. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் மார்லட் என்ற உளவியல் பேராசிரியர் இருந்தார். குடியையும் சிகரெட்டையும் விட்டவர்கள் எப்படி மறுபடி அதில் விழுகிறார்கள் என்பதை 1980களில் கூர்ந்து ஆராய்ந்தவர். முதல் சறுக்கல் வேறு, முழுதாகத் திரும்பிப் போவது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். இரண்டுக்கும் நடுவே ஒருவர் தன்னைப் பற்றி என்ன முடிவு கட்டுகிறார் என்பதைப் பொறுத்தே மீதி நடக்கிறது. உங்கள் கதையில் அது அப்பட்டமாகத் தெரிகிறது. முதல் சிகரெட்டை நண்பன் நீட்டினான். பாக்கெட்டை நீட்டியது யார்? "எல்லாம் போயிற்று, நான் இவ்வளவுதான்" என்ற எண்ணம். அந்த எண்ணம் தந்த வேதனையை ஆற்ற உங்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான் இருந்தது. தன்னைத்தானே ஏசிக்கொள்வது திருந்துவதற்கான வழி என்று நம் வீடுகளில் நம்புகிறார்கள். நான் பார்த்தவரை, அது மனிதர்களை நேரே பெட்டிக்கடைக்கே அனுப்பியிருக்கிறது.

தன்னை மன்னித்துக்கொண்டால் சோம்பல் வந்துவிடாதா என்று கேட்பீர்கள். கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்கு முன் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். பட்டறைப் பையன் ஒரு துண்டை அளவு தப்பிக் கடைந்துவிட்டால், லேத்தையே விற்றுவிடுவீர்களா? எங்கே தவறியது என்று காட்டிவிட்டு அடுத்த துண்டை மாட்டச் சொல்வீர்கள். உங்களுக்கும் அதையே செய்துகொள்ளுங்கள். பந்திக்குப் பிறகு, பழைய நண்பர்கள், கையில் வேலை இல்லாத நேரம்: தவறிய இடம் இதுதான். அடுத்த விசேஷத்துக்குப் போகுமுன் அந்த நண்பனிடம் "எனக்கு நீட்டாதே" என்று போனில் சொல்லிவிடுங்கள். சாப்பிட்டதும் மகளோடு உட்காருங்கள். ஆசை எழுந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். புதிய காலண்டரில் கோடுகளைத் தொடருங்கள். சறுக்கிய நாளுக்கு ஒரு வட்டம் போட்டுவிட்டு மறுநாள் கோட்டைப் போடுங்கள், ஒன்றிலிருந்து எண்ண வேண்டாம்.

"சிகரெட்தான் மனசை ஆற்றுகிறது" என்று இப்போது தோன்றும். 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கட்டுரை, விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும், தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைந்திருந்ததைக் காட்டியது. ஆனால் விட்டு ஒரு மாதம் கடந்தும் துக்கம் விலகாவிட்டால், அல்லது எப்போதாவது உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினால், காத்திருக்காதீர்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண் சிகரெட் அட்டையிலேயே இருக்கிறது.

மனைவியின் மௌனத்துக்கு நீங்களே வசனம் எழுதிக்கொள்ளாதீர்கள். என்ன நினைக்கிறாய் என்று கேளுங்கள். அந்தப் பையனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எரிச்சல் வந்தது உங்கள் குற்றமல்ல. ஆனால் திட்டு வாங்கியவன் அவன்.

கேள்வி: கணவர் பீடியை விட்டு இரண்டு வாரம் ஆகிறது. அவர் குளிக்கப் போனதும் சட்டைப் பையைத் துழாவுகிறேன். தப்பா? (ஒரு வாசகி, விருதுநகர்)

பதில்: நிறுத்திவிடுங்கள், அம்மா. இத்தனை வருடம் ஏமாந்திருப்பீர்கள். பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சோதனைக்குப் பயப்படுகிறவர், சறுக்கினால் முதலில் உங்களிடம்தான் மறைப்பார். "நடுவில் ஒன்று பிடித்துவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், சண்டை போட மாட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள், சொன்னபடி நில்லுங்கள். இந்த வாரங்களில் பசி அதிகம் எடுக்கும். பொரிகடலையோ வேர்க்கடலையோ கொடுத்தனுப்புங்கள். எரிந்து விழுந்தால் அந்த நேரத்தில் பதில் பேசாமல் பிறகு பேசுங்கள். கை ஓங்கினால் மட்டும் பீடியை விட்டதால்தான் என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181.