பழைய லேப்டாப்: செலவு செய்யலாமா, விடைகொடுக்கலாமா?

2018-இல் வாங்கிய லேப்டாப். திறந்தால் வேலைக்கு வருவதற்குள் ஐந்து நிமிடம் ஓடிவிடுகிறது. கடையில் புதிது வாங்கச் சொல்கிறார்கள். வாங்கிவிடலாமா? (பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்)

கொஞ்சம் பொறுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘டிஸ்க்’ நூறு சதவீதத்தில் நிற்க, ‘சிபியு’ (பிராசசர்) பத்து, இருபதில் சும்மா இருந்தால், கோளாறு லேப்டாப்பில் இல்லை. அதிலுள்ள பழைய ஹார்டு டிஸ்க்கில். சுழலும் தகட்டின் மேல் ஊசி ஓடி ஓடித் தேடும் அமைப்பு அது. தொடர்ச்சியாகப் படிக்கும்போதே நொடிக்கு 100 எம்பி அளவில்தான் வரும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடுவதால் இன்னும் தவழும். அதே இடத்தில் பொருந்தும், சுழலும் பாகமே இல்லாத சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பியைத் தாண்டும், தேடும் நேரமும் கிட்டத்தட்ட இல்லை.

ராம் (ஓடும் வேலைகளை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) 4 ஜிபிதான் என்றால் அதுவும் ஒரு காரணம். இடம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கையே ராம்போலப் பயன்படுத்துகிறது; மந்தமான டிஸ்க்கின் மேல் இரட்டைச் சுமை. ஆனாலும் முதலில் எஸ்எஸ்டியை மட்டும் போடுங்கள். 2025-இன் இறுதியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது. ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கினால் போதும். கழற்றிய டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிடாதீர்கள். உங்கள் படங்களும் வினாத்தாள்களும் அதில்தான் இருக்கின்றன.

எஸ்எஸ்டி, 8 ஜிபி ராம் எல்லாம் இருக்கிறது. ஐ5-7200யு பிராசசர். விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது. டேலியில் கணக்கு எழுதுகிறேன். என்ன செய்யலாம்? (கணக்காளர், ஈரோடு)

உங்களுக்கு என் பதில்: லேப்டாப்பை மாற்றிவிடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் அனுமதி தருகிறது; உங்களுடையது ஏழாம் தலைமுறை. கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் எண்ணைப் பார்த்தால் தெரியும்: 7200 என்றால் ஏழு, 8250 என்றால் எட்டு. வெறும் ஓர் எண் வித்தியாசம்தானே என்று நினைக்க வேண்டாம். 7200யு-வில் இரண்டு கோர் (வேலை செய்யும் மையங்கள்), 8250யு-வில் நான்கு.

தடையைச் சுற்றிப்போய் விண்டோஸ் 11-ஐ நிறுவித் தருகிறவர்கள் உண்டு. அது ஓடவும் ஓடும். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அடுத்தவர் வரவு செலவையும் ஜிஎஸ்டி கணக்கையும் வைத்திருக்கிறவர் அந்த வழிக்குப் போகக் கூடாது. டேலி விண்டோஸுக்கான மென்பொருள் என்பதால், விண்டோஸுக்குப் பதிலாக நிறுவும் இலவச லினக்ஸும் உங்களுக்குச் சரிவராது.

லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கணக்குகளை முழுமையாக அழித்துவிட்டு, லினக்ஸ் மின்ட் நிறுவி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். இணையம், வீடியோ, கட்டுரை எழுதுவது எல்லாவற்றுக்கும் தாராளம். தமிழ்99 தட்டச்சும் உண்டு.

டச்பேட் மேலே எழும்பி நிற்கிறது, அழுத்தினால் வேலை செய்வதில்லை. மாற்ற என்ன செலவாகும்? (கல்லூரி மாணவி, மதுரை)

டச்பேடை விடுங்கள், இப்போதே சார்ஜரைப் பிடுங்கி லேப்டாப்பை அணையுங்கள். பெரும்பாலும் அடியில் பேட்டரி உப்பி அதை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். அழுத்தி உள்ளே தள்ளக் கூடாது, குத்தக் கூடாது, மெத்தையின் மேல் வைக்கவும் கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது கடினம். சர்வீஸ் கடையில் கழற்றச் சொல்லுங்கள். பேட்டரியை மாற்றியதும் டச்பேட் தானாகச் சரியாகிவிடுவதும் உண்டு. பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.

திரையின் கீல் உடைந்துவிட்டது. எம்-சீல் வைத்து ஒட்டலாமா?

திருகு பிடிக்கும் பிளாஸ்டிக் மட்டும் பெயர்ந்திருந்தால் ஒட்டலாம், பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் கீல் இறுகியிருந்தால் முதலில் அதைத் தளர்த்த வேண்டும். இல்லையென்றால் ஒட்டிய இடம் மறுபடி பெயரும், திரைக்குப் போகும் கேபிளும் அறுபடும்.

மதர்போர்டு போய்விட்டதாம். புதிய போர்டுக்குக் கேட்கும் தொகையில் ரிச்சி தெரு மின்னணுச் சந்தையில் பழைய லேப்டாப்பே கிடைக்கிறது. எது புத்திசாலித்தனம்? (புகைப்படக் கலைஞர், சென்னை)

‘போர்டு போய்விட்டது’ என்ற தீர்ப்பை முதல் கடையிலேயே ஏற்றுக்கொள்ளாதீர்கள். சார்ஜ் ஏறாமல், ஆன் ஆகாமல் கிடக்கும் பல போர்டுகளில் பழுது ஒரு சிறிய உதிரியில்தான் இருக்கும். போர்டை மாற்றாமல் கெட்ட உதிரியை மட்டும் மாற்றும் ‘சிப் லெவல்’ சர்வீஸ் செய்கிறவரிடம் காட்டுங்கள். தண்ணீர் இறங்கி அரித்திருந்தாலோ பிராசசரே போயிருந்தாலோ செலவு செய்ய வேண்டாம்.

பழுதுச் செலவைப் புதிய லேப்டாப்பின் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. 60,000 ரூபாய்க்குப் பக்கத்தில் 12,000 மலிவாகத் தோன்றும். உங்களுடையதற்கு இணையான பழைய லேப்டாப் இன்று என்ன விலை என்று பாருங்கள். பழுதுச் செலவு அதில் பாதியைத் தாண்டினால் நான் பழுது பார்க்க மாட்டேன்.

ரிச்சி தெருவுக்குப் போனால், நிறுவனங்கள் பயன்படுத்திக் கைமாற்றும் லெனோவோ திங்க்பேட், டெல் லாடிட்யூட், எச்பி எலைட்புக் வரிசைகளைத் தேடுங்கள். அழகு குறைவு, ஆனால் உழைப்பவை. உதிரிகளும் எளிதில் கிடைக்கும். பயோஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் தொடக்க மென்பொருள்) கடவுச்சொல் பூட்டு இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள், இருந்தால் வாங்காதீர்கள். திரையை முழு வெள்ளையில் வைத்துக் கறை தேடுங்கள். படத்தொகுப்பு உங்கள் தொழில் என்பதால் நிறம் வெளிறிய திரை உதவாது. வாரண்டியை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.