கோவை நேரு ஸ்டேடியத்தில் ஒரு மார்ச் மாலை

"பட்டம் முடிவான கால்பந்து ஆட்டங்களில் உங்களால் மறக்க முடியாதது எது? யாருடன் பார்த்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். இந்தியக் கால்பந்துக் கிளப்புகள் மோதும் ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி அணிக்கும் மினர்வா பஞ்சாபுக்கும் ஆட்டம். லீக் முறை என்பதால் இதை இறுதிப்போட்டி என்று சொல்ல முடியாது. ஆனால் பட்டம் யாருக்கு என்பது அந்தத் தொண்ணூறு நிமிடத்தில்தான் முடிவானது. நான் அப்பாவுடன் பார்த்தேன்.

அப்பாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவர் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்த்தவர். மில் அணிக்காக ரைட் பேக், அதாவது வலப்பக்கத் தடுப்பாட்டக்காரராக, ஆடியவர். எங்கள் வீட்டில் ராமாயணம் போல ஒரு கதை உண்டு: 1986 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். மெக்சிகோவில் நண்பகல், இங்கே இரவு பதினொன்றரை. லைன் வீடுகளில் டிவி இருந்தது ஒரே ஒரு வீட்டில். கருப்பு வெள்ளைப் பெட்டி. திண்ணை வரை ஆட்கள். அர்ஜென்டினா இரண்டு கோல் முன்னிலை பெற்றபோது எல்லாரும் முடிந்தது என்று நினைத்தார்களாம். மேற்கு ஜெர்மனியின் ருமெனிகே ஒன்று, ஃபோலர் ஒன்று, 2-2. அப்புறம் 84வது நிமிடத்தில் மரடோனா, சுற்றிலும் ஜெர்மன்காரர்கள் நிற்க, பந்தை நிறுத்தக்கூட இல்லாமல் ஒரே தட்டில் முன்னால் அனுப்புகிறார். அர்ஜென்டினாவின் புருச்சாகா ஓடுகிறார், பின்னாலேயே ஜெர்மனியின் பிரீகல் துரத்துகிறார், கோல், 3-2. அந்த ஓட்டத்தை அப்பா சொல்லும்போது அவர் கால் தரையில் லேசாகத் துடிப்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து அவர் அர்ஜென்டினா ஆள்.

ஆனால் ஒரு பெரிய ஆட்டத்தைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. மில் மைதானங்களில் ஆடியதோடு சரி.

சென்னை சிட்டி 2017-18 சீசனில் கோவையைச் சொந்த மைதானமாக்கிக்கொண்டபோது அப்பாவுக்கு அது ஒட்டவே இல்லை. "பேரு சென்னைன்னு வெச்சுக்கிட்டு இங்க வந்து எதுக்கு ஆடறாங்க? இது யாரோட டீம்?" என்பார். அடுத்த சீசனின் முதல் ஆட்டத்துக்கு, 2018 அக்டோபரில், அலுவலகத் தோழியுடன் நான் போனேன். இந்தியன் ஆரோஸை 4-1 என்று வென்றார்கள். பெட்ரோ மான்சி மூன்று கோல். வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "பந்தை மேல தூக்கி அடிக்கறாங்களா, கீழயே வெச்சு ஆடறாங்களா?" கீழேதான் ஆடுகிறார்கள் என்றேன். அடுத்த ஆட்டத்துக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு அவரே கிளம்பி நின்றார்.

அந்த அணி உண்மையிலேயே அழகாக ஆடியது. பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ, எஸ்லாவா என்று ஸ்பெயினிலிருந்து நான்கு பேர். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் என்று நம் மாநிலப் பையன்கள். பெரிய பணக்கார அணி இல்லை. பின்னிலிருந்தே சின்னச் சின்னப் பாஸ்களாகப் பந்தை நகர்த்திக்கொண்டு வருவார்கள். மைதானத்துக்கு வந்த முதல் நாள் அப்பா பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "சத்தம் கேக்குது பாரு அம்மிணி" என்றார். பந்தின் மேல் பூட்ஸ் படும் சத்தம். எனக்கு அது அதுவரை காதில் விழுந்ததாகவே நினைவில்லை. அவர் சொன்ன பிறகு அது மட்டும்தான் கேட்டது. உள்பாதத்தில் தட்டினால் ஒரு மாதிரி, உதைத்தால் வேறு மாதிரி.

சரி, மார்ச் 9க்கு வருகிறேன். முன்பே முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது. கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 3-2 என்று தோற்றதால் கடைசி நாள் வரை இழுத்துவிட்டது. எங்களுக்கு 40 புள்ளி, கொல்கத்தா அணியான ஈஸ்ட் பெங்காலுக்கு 39. அவர்கள் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஆடினார்கள். நாங்கள் ஜெயித்தால் பட்டம் எங்களுக்கு. டிரா செய்தாலோ தோற்றாலோ கோழிக்கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எதிரணி மினர்வா அந்த ஆண்டு சரியாக ஆடவில்லை, பட்டியலில் கீழே கிடந்தது. ஆனால் முந்தைய சீசனின் சாம்பியன் அவர்கள்தான்.

வ.உ.சி. பூங்காவை ஒட்டிய சாலையிலேயே கூட்டம் தெரிந்தது. தாத்தா பாட்டி, கைக்குழந்தை, பள்ளிக்கூடப் பையன்கள் என்று குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு ஆஃப்சைட் என்றால் என்னவென்று தெரியாது. அப்பா இரண்டு வரிசைக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டது. அவ்வளவு பெரிய கேலரி அப்படியே வாயடைத்துப் போனது. முதல் பாதி முழுக்க எதுவும் சரியாக அமையவில்லை. அவசரம், தவறான பாஸ், மறுபடி அவசரம். இடைவேளையில் அப்பா வாங்கிவந்த சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "காலு பதறுது பசங்களுக்கு. பந்தை நிறுத்தினா சரியாப் போயிரும்" என்றார். அவர் தனக்கே சொல்லிக்கொண்டதுபோல இருந்தது.

இரண்டாம் பாதியில் ஒரு பெனால்டி. மான்சி அடித்தார். 1-1. அந்த சீசனில் அவருக்கு 21 கோல். அவர் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தபோது எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை, அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தேன். முதலில் அவர் முகம் மாறியது. கூச்சல் அதற்கப்புறம்தான் என் காதில் விழுந்தது.

அங்கிருந்து இரண்டு ஆட்டம் ஒன்றாக ஓடியது. முன்வரிசையில் ஒரு கல்லூரிப் பையன் கைப்பேசியில் கோழிக்கோடு ஆட்டத்தை வைத்திருந்தான். அவனைச் சுற்றி இருபது தலை. கௌரவ் போரா, அசாமிலிருந்து வந்த தடுப்பாட்டக்காரர், எங்களுக்கு 2-1 என்று முன்னிலை கொடுத்தார். ஏறக்குறைய அதே நேரத்தில் கோகுலம் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராகக் கோல் போட்டிருந்தது. கேலரியில் யார் எதற்குக் கத்துகிறார்கள் என்றே புரியவில்லை. எல்லாரும் எல்லாவற்றுக்கும் கத்தினோம்.

அப்புறம் அந்தப் பையன் கையைத் தூக்கினான். ஈஸ்ட் பெங்கால் பெனால்டியில் சமன் செய்துவிட்டது. ஐந்தாறு நிமிடத்தில் மறுபடி கை. இப்போது அவர்கள் 2-1. நிலைமை என்னவென்று சொல்கிறேன்: மினர்வா ஒரே ஒரு கோல் போட்டால் போதும், பட்டம் கொல்கத்தாவுக்குப் போய்விடும். அந்தக் கடைசி நிமிடங்களைப் போல நீளமான நேரத்தை நான் பிரசவ அறையில் மட்டும்தான் அனுபவித்திருக்கிறேன். மினர்வா பந்தோடு நம் பாதிக்குள் வரும் ஒவ்வொரு முறையும் பக்கத்திலிருந்த பாட்டி "மருதமலை முருகா" என்றார். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கடைசியாக அவர் அப்படிப் பிடித்தது நான் சாலை கடக்கத் தெரியாத வயதில்.

கூடுதல் நேரத்தில் மறுபடி போரா. 3-1.

அப்பா எழுந்து நின்று, அறுபத்திரண்டு வயதில், இரண்டு கையையும் தூக்கி, "நம்ம பசங்கடா!" என்று கத்தினார். அசாம்காரர் அடித்த கோல், சென்னை என்று பெயர் வைத்த அணி. அவருக்கு அதெல்லாம் அந்த நேரத்தில் இல்லை. சுண்டல் முழுக்கப் படிக்கட்டில் சிதறிவிட்டது.

43க்கு 42. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். தமிழ்நாட்டிலிருந்து ஓர் அணி ஐ-லீக் பட்டத்தை வென்றது அதுதான் முதல் தடவை. ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களை நினைத்தால் இன்றும் மனது கஷ்டப்படுகிறது. 2004க்குப் பிறகு அவர்கள் லீக் பட்டத்துக்காகக் காத்திருந்தார்கள், கோழிக்கோட்டில் ஜெயித்தும் கிடைக்கவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு அப்பாவே அதைச் சொன்னார்: "அவங்களும் ஜெயிச்சுட்டுத்தானே நிக்கறாங்க, பாவம்."

விளக்கை அணைக்கும் வரை நாங்கள் கிளம்பவில்லை. காந்திபுரம் வரை நடந்தே போனோம். வழியெல்லாம் அப்பா புருச்சாகா கதையைச் சொல்லவே இல்லை. முதல் பாதியில் எங்கே இடைவெளி விழுந்தது, இரண்டாம் பாதியில் அதை எப்படி அடைத்தார்கள் என்பதை மட்டும் பேசிக்கொண்டு வந்தார்.

அந்த அணி இப்போது ஐ-லீக்கில் இல்லை. அதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு. ஒரு ஊருக்குக் கால்பந்தைப் பழக்கிவிட்டு, கூட்டம் சேர்ந்த பிறகு அது இல்லாமல் போவது நல்லதே இல்லை. அன்று ஆஃப்சைட் கற்றுக்கொண்டு போன குழந்தைகள் இப்போது எங்கே போய்ப் பார்ப்பார்கள்?

2022 டிசம்பர் 18 அன்று அர்ஜென்டினா பிரான்ஸுடன் இறுதி ஆட்டம் ஆடியபோது அப்பாவுடன்தான் இருந்தேன். இந்த முறை எங்கள் வீட்டு ஹாலில், பெரிய கலர் டிவி. அதே மாதிரி இரண்டு கோல் முன்னிலை, அதே மாதிரி 2-2. அப்பா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. 3-3 ஆகி, பெனால்டியில் மோன்டியல் அடித்த பந்து உள்ளே போனதும் என் மகனைத் தூக்கிக்கொண்டார். முப்பத்தாறு வருடம் காத்திருந்தவர். கண் கலங்கியிருந்தது. மெஸ்ஸி கோப்பையை வாங்கும் வரை தூங்கப் போகவில்லை.

அதன் பிறகு டிவியை அணைக்க எழுந்தேன். "எல்லாம் நல்லாத் தெரியுது அம்மிணி" என்றார் அப்பா. "பந்துச் சத்தந்தான் கேக்கல."