சோலாருக்கு நிலம் கேட்டு வந்தால்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: எங்கள் 12 ஏக்கர் மானாவாரிக் கரிசலை ஒரு சோலார் கம்பெனி 29 ஆண்டு 11 மாதக் குத்தகைக்குக் கேட்கிறது. அதென்ன கணக்கு? கையெழுத்துக்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகர், விளாத்திகுளம்

பதில்: குறைகிற அந்த ஒரு மாதம் முத்திரைத்தாளுக்காக. குத்தகைக் காலம் 30 ஆண்டைத் தொட்டால் கட்டணம் அடுத்த படிக்கு ஏறிவிடும். அதில் உங்களுக்கு நட்டமில்லை. ஆனால் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். ‘நோட்டரி போதும்’ என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாரும் முதல் ஆண்டு வாடகையைப் பேசியே களைத்துப்போகிறார்கள். அது ஏறுகிற விதத்தில்தான் காசு இருக்கிறது. பேச்சுக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் ஏறினால் 28ஆம் ஆண்டில் சுமார் 46,500 ரூபாய் வரும். ஆண்டுதோறும் 5 சதவீதம் என்றால் அதே ஆண்டில் 1,12,000. வாடகை எந்த நாளில் தொடங்கும் என்பதையும் கவனியுங்கள். ‘மின்னுற்பத்தி தொடங்கிய நாள் முதல்’ என்று எழுதியிருந்தால், கிரிட் இணைப்பு இழுபடும் காலமெல்லாம் விதைக்கவும் முடியாது, வாடகையும் வராது. ‘பதிவான நாள் முதல்’ என்று மாற்றச் சொல்லுங்கள்.

கம்பெனி தன் குத்தகை உரிமையை வங்கியில் அடமானம் வைக்கும், அது வழக்கம்தான். அடமானம் அந்த உரிமையோடு நிற்க வேண்டும், நிலத்தின் மேல் ஏறக்கூடாது என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். மூலப்பத்திரம் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும், நகல் போதும். பவர் பத்திரம் கேட்டால் அனுமதி விண்ணப்பங்களுக்கு மட்டும் கொடுங்கள். அதில் ‘விற்க’ என்ற ஒரு சொல் எங்காவது நுழைந்திருக்கிறதா என்று வரிவரியாகத் தேடுங்கள்.

முடிவு காலத்தையும் இப்போதே பேசுங்கள். சோலார் பேனல்கள் 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வந்துவிட்டன. ஆனால் மண்ணுக்குள் புதைந்த கான்கிரீட்டைப் பிடுங்கி, உழுகிற நிலமாகத் திருப்பித் தரும் பொறுப்பைக் குத்தகைப் பத்திரத்தில்தான் கட்ட வேண்டும், வைப்புத்தொகையோடு. இன்னொன்று: இந்த வாடகை வேளாண் வருமானம் ஆகாது. வருமான வரிக் கணக்கில் காட்டியாக வேண்டும்.

கேள்வி: மாஸ்டர் பிளான் இல்லாத கிராமம் எங்களுடையது. புன்செய்தான், ஒரு சர்வே எண் மட்டும் நன்செய். என்ன அனுமதி வேண்டும்?
– வாசகர், கமுதி

பதில்: 2016இல் 648 மெகாவாட் நிலையம் வந்த வட்டாரம் உங்களுடையது, கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற, 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். அதற்கு நகர் ஊரமைப்புத் துறையின் முன் இசைவு தேவை. நன்செய் என்றால் மாவட்ட ஆட்சியர் வரை போகும். அந்த ஒரு எண்ணுக்காக மொத்தக் கோப்பும் காத்துக் கிடக்கும், முடிந்தால் அதை விட்டுவிட்டுத் திட்டமிடச் சொல்லுங்கள்.

கோப்பு திரும்பி வருவது பெரும்பாலும் வேறு காரணங்களால். கூட்டுப் பட்டாவை உட்பிரிவு செய்யாமல் விட்டிருப்பார்கள். கிராமத்தின் நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியது) என்றோ, நிபந்தனை ஒப்படை (அரசு நிபந்தனையோடு கொடுத்தது) என்றோ இருக்கும். சர்வே எண்ணின் வரைபடமான புலப்படத்தில் ஓர் ஓடைக் கோடு ஓடும். தரையில் அது வெறும் பள்ளமாகத் தெரிவதால் ஜேசிபி வைத்துச் சமன் செய்துவிடுவார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் பக்கத்துப் புஞ்சையில் ஏறி நிற்கும்போதுதான் வழக்கு பிறக்கிறது. பனை நின்றால் வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், நிழல் விழுகிறது என்பதற்காகச் சாய்த்துவிட முடியாது.

கம்பெனி 15 தர ஏக்கருக்கு (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) மேல் வைத்துக்கொள்ள நில உச்சவரம்புச் சட்டத்தின் 37-ஏ பிரிவில் அரசு அனுமதி பெற வேண்டும். வாங்கிவிட்டார்களா என்று கேட்பதில் தவறில்லை.

கேள்வி: சோலார் பூங்காவுக்கு ஏன் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே நடப்பதில்லை?
– வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின் முன் அனுமதியிலிருந்து பேனல் வகைச் சோலாருக்கு விலக்கு. மாசுக் கட்டுப்பாட்டிலும் அது ‘வெள்ளை’ வகை, அதாவது மாசு மிகக் குறைந்த வகை, வாரியத்துக்குத் தகவல் கொடுத்தால் போதும். புகை இல்லாத தொழிலுக்கு இது நியாயம்தான். ஆயிரம் ஏக்கரை வேலி போட்டு மேய்ச்சல் பாதையை அடைப்பதற்கும் அதே விலக்கு என்பது எங்களுக்கு உறுத்துகிறது.

கேள்வி: 8 ஏக்கர் தரிசில், விவசாயிகளுக்கான மத்திய அரசின் குசும் சோலார் திட்டத்தில் நானே நிலையம் போடலாமா? மானியம் எவ்வளவு?
– வாசகர், மானாமதுரை

பதில்: ‘அ’ பிரிவில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை போடலாம், துணை மின்நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள். மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் பிடிக்கும். மானியம் என்று பலர் நினைப்பது, யூனிட்டுக்கு 40 பைசா அல்லது மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 6.6 லட்சம், எது குறைவோ அது; ஐந்தாண்டுக்கு. அதுவும் மின் விநியோக நிறுவனத்துக்குப் போகிறது, உங்களுக்கல்ல. உங்கள் வரவு 25 ஆண்டு ஒப்பந்த விலை மட்டுமே. திட்டத்தின் காலக்கெடு 2026 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டிருந்தது; இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று பசுமை எரிசக்திக் கழகத்தில் கேட்டபின் கடனுக்கு அலையுங்கள்.

அதற்கும் முன்னால் துணை மின்நிலையத்துக்குப் போய், உங்கள் ஃபீடர் (அங்கிருந்து உங்கள் ஊருக்கு வரும் மின்தடம்) சென்ற ஆண்டில் பகலில் எத்தனை மணி நேரம் நின்றது என்று கேளுங்கள். லைனில் மின்சாரம் போனால் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். 1 மெகாவாட் நாளுக்குச் சுமார் 4,500 யூனிட் தரும். உச்சி வேளையில் மூன்று மணி நேரம் போனால் அதில் சுமார் 40 சதவீதம் போச்சு.