கிரெடிட் கார்டு பில் 40,000 ரூபாய். மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்டவேண்டிய 2,000 மட்டும் கட்டினால் போதுமா?

லேட் ஃபீ வராது, சிபில் ஸ்கோரும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) உடனே அடிவாங்காது. ஆனால் கடன் அப்படியேதான் நிற்கும்.

கணக்கைப் பாருங்கள். பல கார்டுகளில் வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது வருடத்துக்கு 42. 40,000-க்கு ஒரு மாத வட்டி 1,400. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 252 ரூபாய். நீங்கள் கட்டிய 2,000-இல் அசலுக்குப் போனது வெறும் 348!

பலருக்குத் தெரியாத இன்னொன்று: பாக்கி இருக்கும்வரை வட்டியில்லா நாட்கள் கிடையாது. நாளை வாங்கும் அரிசி, பருப்புக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அதனால் முதலில் அந்தக் கார்டைத் தேய்ப்பதை நிறுத்துங்கள். முழுத்தொகை கட்ட முடியாவிட்டால் வங்கியில் கேட்டு பாக்கியை இஎம்ஐயாக மாற்றுங்கள். வட்டி பெரும்பாலும் பாதிக்கும் கீழே வரும். நகைக்கடன் கிடைத்தால் அதுவும் இதைவிட மலிவுதான். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டு போட்டுப் பணம் எடுத்து அடைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், அதற்கு முதல் நாளிலிருந்தே வட்டி.

பில் தொகை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி ஆட்டோ டெபிட் போட்டிருந்தால் இன்றே திறந்து பாருங்கள். என்னுடையதில் 'மினிமம் டியூ' என்றே டிக் ஆகியிருந்தது. நாலு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். அதை 'டோட்டல் டியூ' என்று மாற்றிவிடுங்கள்.