லோமசென்கோ பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

உக்ரைன் குத்துச்சண்டை வீரர் வசில் லோமசென்கோ (சுருக்கமாக லோமா) 2025 ஜூனில் ஓய்வை அறிவித்ததிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, 2008 பெய்ஜிங், 2012 லண்டன் என்று இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் புரொஃபஷனலில் இரண்டாவது சண்டையிலேயே தோற்றது எப்படி?

அவசரம்தான் தம்பி. ஒலிம்பிக் சாம்பியன் என்றாலும் முதல் சில வருடம் லேசான ஆட்களோடு மோதவிட்டுத்தான் மேலே ஏற்றுவார்கள். இவரோ எடுத்த எடுப்பிலேயே உலகப் பட்டம் கேட்டார். 2014 மார்ச்சில், சான் அன்டோனியோவில், ஓர்லாண்டோ சலிடோ எதிரே நின்றார். அதற்குள் 12 தோல்வி பார்த்த பழைய கை. எடை வரம்பு 126 பவுண்டு. சலிடோ 128¼ காட்டி, கையிலிருந்த உலகப் பட்ட பெல்ட்டைத் தராசிலேயே இழந்தார். ரிங்கில் கட்டிப் பிடித்து, உடம்பைக் குத்தி, விதியை மீறி இடுப்புக்குக் கீழேயும் குத்தினார். நடுவர் ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை. 12ஆவது ரவுண்டில் சலிடோ தள்ளாடியும் லோமாவால் முடிக்க முடியவில்லை. மதிப்பெண் போட்ட மூவரில் இருவர் சலிடோ பக்கம்.

கேள்வி: அப்போ அது அநியாயத் தோல்விதானே?

பாதி அநியாயம். மீதிப் பாதிக்கு லோமாதான் பொறுப்பு. ஆரம்ப ரவுண்டுகளை எதிராளியைப் படிப்பதிலேயே செலவழித்துவிட்டார். 2020இல் டியோஃபிமோ லோபஸிடம் பெல்ட்டுகளை இழந்தபோதும் இதே கதை. தோளில் காயம் இருந்தது, சண்டை முடிந்ததும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார் என்பது உண்மை. ஆனால் முதல் ஏழு ரவுண்டு கை நீட்டவே யோசித்தால் யார் புள்ளி கொடுப்பார்கள்?

கேள்வி: அமெச்சூரில் 396 வெற்றி, ஒரே ஒரு தோல்வி என்கிறார்களே?

எல்லோரும் சொல்லும் கணக்கு அதுதான். அந்த ஒன்று, 2007 சிகாகோ உலகப் போட்டி இறுதியில் ரஷ்யாவின் ஆல்பர்ட் செலிமோவிடம். மறு வருடம் பெய்ஜிங்கில் முதல் சுற்றிலேயே அதே செலிமோவ். பழி தீர்த்தாகிவிட்டது.

கேள்வி: கால் வேகம் டான்ஸால் வந்ததாமே?

ஆமாம். பயிற்சியாளரான அப்பா அனடோலி, சின்ன வயதில் குத்துச்சண்டையை நிறுத்திவிட்டு உக்ரைன் நாட்டுப்புற நடனத்துக்கு அனுப்பினார். இடக்கைக்காரரான இவர், வலது காலை எதிராளியின் இடது காலுக்கு வெளியே வைத்து ஒரு சுழற்சி சுழல்வார். எதிராளி குத்துவது காற்றில். இவர் அதற்குள் விலாப் பக்கம் வந்திருப்பார். 2016-17இல் வரிசையாக நான்கு பேர், ரவுண்டு இடைவேளையில் உட்கார்ந்த ஸ்டூலை விட்டு எழாமலே தோல்வியை ஒப்புக்கொண்டார்கள். கடைசி ஆள், அவரும் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கியூபாவின் ரிகொண்டோ. ஆனால் அவர் இரண்டு எடைப்பிரிவு மேலே ஏறி வந்தவர். அந்த வெற்றியை ரொம்பத் தூக்கிப் பிடிக்க மாட்டேன்.

கேள்வி: போர் சமயத்தில் சண்டையை விட்டாரா?

2022இல் ஆஸ்திரேலியாவின் கம்போசோஸோடு உலகப் பட்டச் சண்டைக்கு வாய்ப்பு வந்தது. அதை விட்டுவிட்டு ஊர்க்காவல் படையில் சேர்ந்தார். அதே கம்போசோஸை 2024இல் பெர்த்தில் 11ஆவது ரவுண்டில் முடித்தார். அதுவே கடைசிச் சண்டையும்.

கேள்வி: ஒரே ஒரு சண்டை பார்க்க வேண்டுமென்றால்?

2018 மே, நியூயார்க், ஹோர்ஹே லினாரஸோடு மோதியது. ஆறாவது ரவுண்டில் ஒரு நேர் வலதுகைக் குத்தில் லோமாவே கீழே விழுந்தார். ஒன்பது ரவுண்டு முடிவில் மதிப்பெண் போட்ட மூவரில் ஒருவர் லோமாவுக்கு 86-84, இன்னொருவர் லினாரஸுக்கு 86-84, மூன்றாமவர் சமம். பத்தாவதில் கல்லீரலில் ஒரு இடதுகைக் குத்து, லினாரஸ் மடிந்தார். புரொஃபஷனலில் 12ஆவது சண்டையிலேயே மூன்றாவது எடைப்பிரிவில் உலகப் பட்டம். அந்த ரவுண்டை மட்டும் ஸ்லோ மோஷனில் பாருங்கள்.