கோச் சுட்டால் ஓடுகிறது, நான் சுட்டால் ஜாம் ஆகிறது: கோளாறு பிஸ்டலிலா, பிடியிலா?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். 25 மீட்டர் போட்டிக்காக .22 பிஸ்டல் பழகுகிறார், ஸ்லைடு வகை, அதாவது சுடும்போது மேல்பாகம் முன்னும் பின்னும் ஓடுவது. அவர் சுடும்போது அடிக்கடி ஜாம் ஆகிறது. சுட்ட கேஸ் (தோட்டாவின் காலிக் கூடு) வெளியே பறக்காமல் ஸ்லைடின் வாயில் மாட்டிக்கொண்டு செங்குத்தாக நிற்கிறது. அதே பிஸ்டலை, அதே தோட்டாக்களோடு கோச் வாங்கிச் சுட்டால் ஒரு சிக்கலும் இல்லை. வீட்டில் உப்புக்காற்றைக் குறை சொல்கிறார்கள், ரேஞ்சில் பிஸ்டலையே மாற்றச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

மாற்ற வேண்டாம், தங்கை. கை மாறினால் கோளாறு மறைகிறது என்றால், முதல் சந்தேகம் மணிக்கட்டின் மேல்தான்.

.22, .32 பிஸ்டல்களில் பெரும்பாலானவை ப்ளோபேக் வகை. குண்டை முன்னால் தள்ளும் அதே வாயு கேஸைப் பின்னால் தள்ளுகிறது, கேஸ் ஸ்லைடைத் தள்ளுகிறது, ஸ்லைடு ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டே பின்னால் ஓடுகிறது. ஓடும்போது ஃப்ரேமில், அதாவது கைப்பிடியோடு சேர்ந்த அடிப்பாகத்தில், நிலையாக இருக்கும் எஜெக்டரில் கேஸ் மோதி வெளியே தெறிக்கிறது. திரும்பி வரும் ஸ்லைடு, தோட்டாக்கள் அடுக்கிய மேகசினில் இருந்து அடுத்த தோட்டாவை உருவி, குழாயின் பின்முனையில் உள்ள சேம்பருக்குள் தள்ளுகிறது. எல்லாம் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில். இத்தனைக்கும் சக்தி அந்த ஒரு தோட்டாவில் இருந்துதான் வரவேண்டும், .22-இல் குண்டின் எடையோ வழக்கமாக 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். வீணாக்க அதில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

ஸ்லைடு எவ்வளவு தூரம் ஓடியது என்பது ஃப்ரேமை வைத்துத்தான் கணக்கு. ஃப்ரேமும் சேர்ந்து பின்னால் போனால் ஸ்லைடு ஓடின மாதிரி தெரியும், ஆனால் ஸ்பிரிங் முழுசாக அமுங்கியிருக்காது. நம்ம கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள்; காலை மணலில் ஊன்றாமல் கயிற்றை இழுத்தால் வலை வராது, ஆள்தான் கடல் பக்கம் போவார். மணிக்கட்டு மடங்கினால் பிஸ்டலுக்குள் நடப்பதும் அதுதான். ஸ்லைடு அரைகுறை வேகத்தில் வருகிறது, கேஸ் எஜெக்டரில் மெதுவாகத் தட்டுப்படுகிறது, வெளியேறுவதற்குள் ஸ்லைடு திரும்பி வந்து அதைக் கவ்விக்கொள்கிறது. இன்னும் வேகம் குறைந்தால் அடுத்த தோட்டாவுக்குப் பின்னால் வரை ஸ்லைடு போகவே போகாது, காலி சேம்பரின் மேலேயே மூடிவிடும். கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு திறந்தபடி நிற்காமல் மூடிக்கொள்வதும் இதே குடும்பம்தான்.

ஃப்ரேம் எடை குறைந்த பிஸ்டலில் இது அதிகம், கனமான இரும்பு ஃப்ரேமில் குறைவு. ரிவால்வரில் இந்தத் தொல்லையே கிடையாது, சிலிண்டரைச் சுற்றுவது நம் விரலும் கட்டைவிரலும்தான்.

சரி, எப்படிப் பிடிப்பது? பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் உள்ள கவை, கிரிப்பின் பின்பக்கத்தில் முடிந்த மட்டும் மேலே ஏறி உட்கார வேண்டும். கை கீழே இறங்கியிருந்தால் குழாய்க்கும் மணிக்கட்டுக்கும் உயர வித்தியாசம் கூடுகிறது, அதனால் முனை மேலே துள்ளுகிறது. குழாயும் முன்கையும் ஒரே நேர்கோட்டில். நடுவிரலும் மோதிரவிரலும் கிரிப்பை நேராகப் பின்னால் இழுக்கட்டும், சுண்டுவிரல் சும்மா ஒட்டியிருந்தால் போதும். பிறகு மணிக்கட்டைப் பூட்டுங்கள். இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள்: இறுக்கிப் பிழிவது வேறு, பூட்டுவது வேறு. கை நடுங்கும் வரை அழுத்தி, நடுக்கம் நிற்கும் அளவுக்குக் கொஞ்சம் தளர்த்துங்கள், அந்த அழுத்தம் எல்லா ஷாட்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு குறி பார்க்கும்போது பிடி நன்றாகவே இருக்கும், ட்ரிக்கர் விழும் அந்தக் கணத்தில்தான் கை தளரும். சுட்ட பிறகும் ஓர் எண்ணிக்கை அப்படியே நில்லுங்கள்.

உங்கள் போட்டியில் ஒரே கைதான், மணிக்கட்டில் பட்டை, தாங்கல் எதுவும் கூடாது, அதனால் தசையைத்தான் பழக்க வேண்டும். தண்ணீர் நிறைந்த வாளியைப் பிடித்தபடி மணிக்கட்டை மட்டும் மேலும் கீழும் அசைப்பது எளிய பயிற்சி.

பெருவிரலையும் ஒருமுறை பாருங்கள். அது ஸ்லைடில் உரசினால் வேகம் குறையும், ஸ்லைடைத் திறந்தபடி நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப்பில் சாய்ந்தால் தோட்டா இருக்கும்போதே ஸ்லைடு திறந்து நிற்கலாம், அல்லது தீர்ந்த பிறகும் நிற்காமல் போகலாம். இரண்டும் பிஸ்டல் கோளாறு மாதிரியே தெரியும்.

உப்புக்காற்றை நான் ஒதுக்கவில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் மணல் எங்கும் நுழையும். எண்ணெய் அதிகமாகப் பூசிய ஸ்லைடில் அந்த மணல் ஒட்டி அரைத்த விழுது ஆகிவிடும். மெல்லிய பூச்சு போதும். பிஸ்டலைத் தோல் உறையிலேயே வைக்காதீர்கள், தோல் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைக்கும். பித்தளைக் கேஸில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அந்தத் தோட்டாவைச் சுட வேண்டாம். ஆனால் துருவும் அழுக்கும் ஆள் பார்த்துத் தொந்தரவு கொடுக்காது, கோச் கையிலும் சிக்கியிருக்கும்.

இதை உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. கோச் எப்போது சுட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. பிஸ்டல் சுத்தமாக இருந்த தொடக்கத்தில் என்றால் அந்தச் சோதனை செல்லாது. பயிற்சியின் கடைசியில், உங்களுக்கு ஜாம் ஆரம்பித்த உடனே, சுத்தம் செய்யாமல், அதே மேகசினோடு அவரிடம் கொடுங்கள். அவருக்கும் சிக்கினால் அழுக்கு, மேகசினின் உதடு (தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் விளிம்பு), கேஸைச் சேம்பரில் இருந்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி, ஸ்பிரிங், இந்த வரிசையில் பாருங்கள், தோட்டா பிராண்டையும் மாற்றிப் பாருங்கள். அவருக்கு ஓடினால் உங்கள் கை களைத்திருக்கிறது, முதல் மேகசின் நன்றாக ஓடி நாலாவதில் சிக்கினால் அதற்குக் காரணமும் அதுவே. மரக் கிரிப் உங்கள் உள்ளங்கைக்குப் பெரிதாக இருக்கிறதா என்றும் அப்போது பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளி இருந்தால் எவ்வளவு பழகினாலும் பிடி நிற்காது.

ஜாம் ஆனால் முனை இலக்குப் பக்கமே இருக்கட்டும், விரல் ட்ரிக்கரில் இருந்து வெளியே வரட்டும், மேகசினை எடுத்த பிறகுதான் ஸ்லைடை இழுக்க வேண்டும். சத்தம் "பொத்" என்று அமுங்கிக் கேட்டால் குண்டு குழாய்க்குள்ளேயே நின்றிருக்கலாம், அடுத்ததைச் சுடவே கூடாது. போட்டியில் என்றால் நீங்களாக எதையும் தொடாமல் இன்னொரு கையைத் தூக்கி ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள். ஸ்லைடைத் தொட்டுவிட்டால் அந்தக் கோளாறுக்கு மறு வாய்ப்பு கிடைக்காது. இந்தச் சோதனைகள் எல்லாம் ரேஞ்சில் மட்டும்தான், ஆளில்லாத பனங்காடு, கடற்கரை என்று எங்கேயும் வேண்டாம்.